சிவப்புக் குறி இல்லாத குடுவை

பக்கிரியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவன் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேச்சைச் சொல்லவில்லை, அவன் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. கடலூர் துறைமுகத்தில் இஞ்சின் போட்டுகள் வந்த புதிதில், பீப்பாயிலிருந்து டீசலை ரப்பர் குழாய் வைத்து வாயால் இழுத்து டேங்கில் இறக்குவது அவன் வேலை. மற்றவர்கள் இழுத்தால் ஒரு மடக்காவது உள்ளே போய்விடும், அரை நாள் துப்பிக்கொண்டே திரிவார்கள். பக்கிரிக்கு ஒரு சொட்டுப் போகாது. டீசல் பல்லுக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அவன் நாக்குக்குத் தெரியும்.

எங்கள் டாக்டர் வைத்திலிங்கம் 1966 தை மாதம் கடல்பாசி வாங்க அந்தப் பக்கம் போனவர், இவன் டீசல் இழுப்பதை நின்று பார்த்திருக்கிறார். பாசியோடு ஆளையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகிற வழியில் ஒரு டிரஸ்டு சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடத்தி வந்தது. இன்றைக்கு அந்தக் கட்டடமும் இல்லை, டிரஸ்டும் இல்லை. டாக்டர், பக்கிரி, நான் என்று மூன்றே பேர். நான் சடையப்பன், புவனகிரிப் பக்கத்துக் குடியானவன், முப்பத்திரண்டு முயல்களுக்குப் பொறுப்பு. படிப்பு எட்டாவது. ஆனால் முயலைப் பற்றி யார் வாய் திறந்தாலும் குறுக்கே பேசுவேன்.

அங்கே நடந்தது மூளைக்காய்ச்சல் கிருமியைப் பற்றிய வேலை. டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொன்னார். “இந்தக் கிருமி ஒரு சட்டை போட்டுக்கிட்டிருக்குடா. அந்தச் சட்டை சர்க்கரையால ஆனது. சட்டைய மட்டும் உரிச்சு எடுத்து நம்ம உடம்புக்குக் காட்டிட்டோம்னா, நாளைக்கு அதே சட்டையோட நெசக் கிருமி வந்தாலும் ரத்தம் அடையாளம் கண்டு புடிச்சிக்கும்.” நான் உடனே, “அது இனிக்குமா சார்?” என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். பக்கிரி சிரிக்கவில்லை.

அந்தச் சர்க்கரையை நானே பார்த்திருக்கிறேன். கிருமி வளர்ந்த தண்ணீரைத் தெளியவைத்து, என்னென்னவோ சேர்த்து, கடைசியில் ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளை நூல் நூலாக அடியில் இறங்கும். காயவைத்தால் ஒரு சிட்டிகை மாவு. ஒரு மாத உழைப்புக்கு ஒரு சிட்டிகை. அது பாவம், யாரையும் ஒன்றும் செய்யாது. செய்வதெல்லாம் உயிரோடு இருக்கிற கிருமிதான். அது இருக்கிற குடுவையை டாக்டர் மட்டும்தான் தொடுவார். அதன் வயிற்றில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார். குறி இல்லாத குடுவையில் இருப்பது பார்மலின் ஊற்றிச் சாகடித்த கிருமி. அதை அளந்து கொடுப்பான் பக்கிரி, முயலுக்கு ஊசி போடுவேன் நான்.

அளப்பது எப்படியென்றால், பிப்பெட் என்கிற கோடு போட்ட கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான். வாய்ப்பக்கம் கொஞ்சம் பஞ்சு அடைக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. பஞ்சு இல்லாமல் உறிஞ்சுகிறவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்றும் சொல்லியிருந்தார். பக்கிரி அவர் முன்னால் பஞ்சை வைப்பான், அவர் தலை மறைந்ததும் எடுத்துவிடுவான். “பஞ்சு இருந்தா மூச்சு ஓட்டம் தெரிய மாட்டேங்குது மச்சான்” என்பான். செத்த கிருமிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவனுடைய மூத்த பையன் காத்தவராயன் மூன்று வயதில் செத்துப்போனான். பக்கிரி வேலைக்கு வந்த அதே வருஷம் ஐப்பசியில். காலையில் காய்ச்சல், மத்தியானம் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்று அழுகை, சாயங்காலம் கழுத்து பின்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வழியிலேயே உயிர் போய்விட்டது. டாக்டரிடம் “பையன் காய்ச்சல்ல பூட்டான் சார்” என்று மட்டும் சொன்னான். கழுத்து விஷயத்தை என்னிடம்தான் சொன்னான். “தாடையப் புடிச்சி நெஞ்சுக்கு எறக்கிப் பாத்தேன் மச்சான். எறங்கவே இல்ல. கட்ட மாதிரி நின்னுபோச்சி.” அப்படிப்பட்டவன் அதே கிருமியின் பக்கத்தில் தினமும் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குப் புரியாது. கேட்டேவிட்டேன். “அத சாவடிக்கிற எடம் எனக்குத் தெரிஞ்சி இது ஒன்னுதான்” என்றான்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். 1968 ஆயுத பூசைக்கு டாக்டர் மெட்ராஸ் கிளம்பிவிட்டார். போகும்போது, “பூசைய முன் ரூம்ல வெச்சிக்குங்க. தராசு, மைக்ராஸ்கோப்பு போதும். உள்ரூம் சாமானத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஏர், மண்வெட்டி, களைக்கொட்டு, துருப்பிடித்த அரிவாள் வரைக்கும் பொட்டு வைப்போம். ஒன்றை விட்டாலும் அது வருஷம் முழுக்க மக்கர் பண்ணும் என்பது என் அப்பாவின் நம்பிக்கை, என் நம்பிக்கையும்கூட. உள்ரூமிலிருந்து குடுவை, குழாய், வெந்நீர்ச் சட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து சாமி முன்னால் பரப்பினேன். குறி போட்ட குடுவையையும் சேர்த்துத்தான். அது கிருமி வளர்க்கிற சூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. வாய் நன்றாக அடைத்திருக்கிறதே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, எண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்தேன். பக்கிரி, “டாக்டரு வேணாம்னாரே” என்றான். “சாமி டாக்டருக்கும் மேல” என்று அவன் வாயை அடைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொழிலைத் தொட்டு ஒரு வேலையாவது செய்ய வேண்டும், இல்லையா? நாலு முயலுக்கு ஊசி போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். காலையில் பொட்டுகளைத் துடைத்தேன். எண்ணெய்க் குங்குமம் தண்ணீருக்கு விடவில்லை. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணியெல்லாம் ஒரே சிவப்பு. குடுவைகள் பளிச்சென்று இருந்தன. மேசையில் வரிசையாக வைத்தேன்.

பக்கிரி ஒரு குடுவையைத் திறந்தான். பஞ்சு இல்லாமல் பிப்பெட்டை வாயில் வைத்தான். அடியில் ஏதோ திப்பி அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது, கொஞ்சம் வேகமாக இழுத்தான். அடைப்பு விட்டு, நுரையோடு ஒரு மடக்கு அவன் வாய்க்குள் போய்விட்டது. டீசலில் ஒருநாளும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. குனிந்து துப்பினான். துப்பியவன் அப்படியே நின்றான்.

“மச்சான், காரமே இல்ல.”

எனக்கு உடனே விளங்கவில்லை. பார்மலின் ஊற்றியது மூக்கில் சுரீர் என்று ஏறும், நாக்கில் பட்டால் எரியும். பக்கிரி அந்தக் குடுவையை முகர்ந்து பார்த்தான். பக்கத்துக் குடுவையை முகர்ந்து பார்த்தான். பிறகு இரண்டின் வயிற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டிலும் குறி இல்லை. என் கையில் இருந்த சிவப்புத் துணியை அவன் பார்த்தானா, இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் அதைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

அவன் வாயை ஸ்பிரிட்டால் கொப்பளித்தான், உப்புத் தண்ணீரால் கொப்பளித்தான், உதடு வெந்துபோகிற வரைக்கும் கொப்பளித்தான். தரையில் கார்பாலிக் ஊற்றித் தேய்த்தோம். “ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம் வா” என்றேன்.

“போயி என்னன்னு சொல்லுவ? முன்ன காலரா வந்தப்ப எங்க குப்பத்தயே கயிறு கட்டி அடச்சாங்க. ஒரு போட்டு கடலுக்குப் போவல. ஒருத்தன் எங்க மீன வாங்கல. இப்ப என்னால அந்த நெலம வரணுமா? டாக்டரு நாளைக்கு வந்துடுவாரு இல்ல, பாத்துக்கலாம்.”

மறுநாள் டாக்டர் வரவில்லை. இன்னும் மூன்று நாள் ஆகும் என்று தந்தி வந்தது.

பக்கிரி தினமும் ரயிலில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வருகிறவன். சோனாங்குப்பத்தில் வீடு. மனைவி குணசுந்தரி, பத்து மாதப் பெண் குழந்தை புஷ்பவள்ளி. அந்த நாலு நாளும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. முயல் கொட்டகைக்குப் பின்னால் இருந்த புல் வைக்கிற அறையில் தங்கிவிட்டான். என்னையும் பத்தடிக்கு இப்பால் வரவிடமாட்டான். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர வேண்டும். மணிக்கொரு தரம் கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வருவான். தலையைக் குனிந்து தாடையை நெஞ்சுக்கு இறக்குவான்.

“பாரு மச்சான், தொடுதா?”

“தொடுதுடா.”

“நல்லாப் பாரு. எனக்குத் தொடற மாதிரிதான் இருக்கு. நீ பாத்துச் சொல்லு.”

தொடுகிறது என்று நான் சொல்வேன். உள்ளே போய்விடுவான். இதை எத்தனை தடவை செய்தோம் என்று கணக்கே இல்லை. அடுத்த தடவை அவன் குனியும்போது அந்தத் தாடை நடுவிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் தலை வலிக்கிறது என்றான். நான் போய் முயல் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அழுதது அவனுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அவன் செத்தால் கொன்றவன் நான், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அழுதேன்.

அன்றைக்கு மத்தியானம் குணசுந்தரி வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. பாசஞ்சரில் வந்து ரயிலடியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

“அண்ணே, அவுரு எங்க? மூணு நாளா ஆளக் காணம். வேற எவளயாவது சேத்துக்கிட்டாரா, உள்ளதச் சொல்லுங்க.”

நான் வாய் திறப்பதற்குள் பக்கிரி கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டான். துண்டை மூக்கோடு வாயோடு சேர்த்துக் கட்டியிருந்தான். குழந்தை அவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவன் பின்னால் நகர்ந்தான். அவள் முன்னால் போனாள். “கிட்ட வராத! போடி! போன்னா போயேன்!” என்று அவன் போட்ட கத்தலில் முயலெல்லாம் கூண்டில் முட்டிக்கொண்டன. குழந்தை வீறிட்டது. குணசுந்தரி ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் பக்கமாக வீசிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் தெரு முனை திரும்பும்வரை அவன் துண்டைக் கழற்றவில்லை.

நாலாம் நாள் காலை டாக்டர் வந்து இறங்கினார். “எதயும் சொல்லாத மச்சான். பஞ்சு வெக்கலன்னு தெரிஞ்சா வேல பூடும். தல வலி வுட்டுப்போச்சி, பாரு” என்று பக்கிரி கெஞ்சினான். நான் கேட்கவில்லை. டாக்டர் பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூசை, ஸ்பிரிட்டுத் துணி, அழிந்த குறி, எல்லாம். பக்கிரி கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் வரவில்லை. “துணியப் பாத்தேன் மச்சான்” என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. முகம் வெளுத்து, பக்கிரியின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார். ரத்தம் எடுத்தார். பிறகு பென்சிலின் ஊசி போட்டார். தொண்டைத் தடவலை, கிருமி வளர்வதற்காகக் கடல்பாசி காய்ச்சி உறையவைத்த கூழில் கீறி, ஜாடியில் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றி மூடினார். அந்தக் கிருமிக்கு அப்படி வைத்தால்தான் பிடிக்குமாம். வத்தி கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்தது. பக்கிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துக் கூழில் சின்னச் சின்னப் பனித்துளிகள் மாதிரிப் பளபளவென்று முளைத்திருந்தன. அதே கிருமி. அவன் தொண்டையில் குடியிருக்கிறது. ஆனால் காய்ச்சல் இல்லை, கழுத்து நன்றாக இறங்குகிறது. டாக்டர் ஒரு மெல்லிய குழாயில் வந்த அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் மேலே தெளிந்த நீரை விட்டு, அதன் மேல் எங்கள் சர்க்கரையைக் கரைத்து மெதுவாக ஊற்றினார். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியது. ஊசி போட்ட முயலின் ரத்தம் அந்தச் சட்டையை அடையாளம் கண்டுகொண்டால் இப்படிக் கட்டும், பார்த்திருக்கிறேன். இவ்வளவு தடிமனாகப் பார்த்ததில்லை.

டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். “பக்கிரி, தப்பிச்சடா! ஒன் ரத்தத்துக்கு இந்தச் சட்டைய முன்னாலயே தெரியும். நாலு நாள்ல இவ்ளோ தடிமனா வளையம் கட்டாது. இது பழசு. ஒனக்கே தெரியாம ஏதோ ஒரு சமயம் இந்தக் கிருமி ஒன் தொண்டையில தங்கிட்டுப் போயிருக்கு.”

“எப்ப சார்?”

“ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ, யாரு கண்டா?”

“ரெண்டு வருசம்.” பக்கிரி அதை மறுபடியும் சொன்னான். “நமக்கு ஒன்னும் செய்யாம, நம்மகிட்டேர்ந்து வேற ஆளுக்குப் போவுமா சார்? மூச்சுல, முத்தம் குடுத்தா, அப்பிடி?”

“போகும். அதனாலதான் ஒன்ன வீட்டுக்குப் போகாதங்கறேன். மாத்திரை தர்றேன். தொண்டை மூணு தடவ சுத்தமா வந்தப்புறம் போ.” டாக்டர் குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னார். பையன் எப்படிச் செத்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கிரி மெதுவாக மேசையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாளாக என்னைப் பிடித்து ஆட்டிய பயம் அந்த வளையத்தைப் பார்த்ததும் விட்டுப்போயிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதைவிடப் பெரிய பயமாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்து.

“ஊர்ல பத்துப் பேருக்கு ஒருத்தர் தொண்டையில இது இருக்கலாம்டா. கடைத்தெருவுல வந்திருக்கும், ரயில்ல வந்திருக்கும்” என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். பக்கிரி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

“அந்தச் சர்க்கரைய என் பொண்ணுக்குப் போட்டுடுங்க சார்.”

டாக்டர் குழாயைக் கீழே வைத்தார். “முடியாதுடா. இத இன்னும் மனுசனுக்கே போட்டுப் பாக்கல. அதுவும் பச்சக் கொழந்த ரத்தம் வெறும் சர்க்கரைய அடையாளம் கண்டுக்குமோ என்னமோ, எனக்கே சந்தேகம்.” யாருக்கு அது முதலில் தேவையோ அவர்களுக்கு மட்டும் உதவாத மருந்தா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு வயதுக்குக் கீழே வெறும் சர்க்கரை சரியாகப் பிடிக்காது என்று பிற்பாடு உலகமே கண்டுபிடித்துச் சொன்னது. அன்றைக்கு அது டாக்டரின் சந்தேகமாக மட்டும்தான் இருந்தது.

மூன்று கூழும் சுத்தமாக வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. டாக்டர் அவனை வேலையைவிட்டு எடுக்கவில்லை. என்னையும் எடுக்கவில்லை. அதன் பிறகு உயிருள்ள கிருமிக் குடுவைக்குப் பென்சில் குறி கிடையாது, கழுத்தில் சிவப்புக் கயிறுதான். பதின்மூன்றாம் நாள் பக்கிரியோடு நானும் ரயில் ஏறினேன். தனியாகப் போக அவனுக்குப் பயம். கடலூர் வந்து சேரும்வரை அவன் துண்டை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

குணசுந்தரி வீட்டு முன்னால் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. குழந்தைதான் தவழ்ந்து வந்தது. பக்கிரி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைத் தூக்கினான், உடம்போடு சேர்க்காமல் எட்டப் பிடித்து. பிறகு மடியில் உட்காரவைத்துப் பின்கழுத்தில் ஒரு கையை வைத்து, தாடையை மெதுவாக நெஞ்சுக்கு இறக்கினான். தொட்டது. இன்னொரு தரம் இறக்கினான். தொட்டது. குழந்தை இது ஏதோ விளையாட்டு என்று கெக்கெக்கே என்று சிரித்தது.

குணசுந்தரி கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. இதே கையால் இதே மாதிரி காத்தவராயன் தாடையை அவன் இறக்கிப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்.

“இன்னாத்துக்குப் பாக்கற? இவளுக்கு இன்னா? அந்த நோவு ஒன்கிட்ட இருக்குதா?” குரல் ஏறிக்கொண்டே போனது. “அங்க அந்தப் பூச்சியத்தான் வெச்சிருக்கீங்களா? ரெண்டு வருசமா அங்கதான் போயிட்டு வர்றியா? அப்போ எம்புள்ள?”

பக்கிரி துண்டை அவிழ்த்தான். அவன் வாய் திறந்தது. உள்ளதைச் சொல்லிவிடப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அந்த வீடு அன்றோடு சரி. நான் நடுவில் புகுந்தேன்.

“ரெண்டு வருசமால்லாம் இல்லம்மா. பூசைக்கு மறுநாளுதான், ஒரே ஒரு தடவ. குறியத் தொடச்சி அழிச்சது நானு. அதுக்கு முன்ன ஒன்னுமே கெடையாது, சத்தியமா. அவன் ஒங்கள நெனச்சித்தான் வீட்டுக்கு வராம கெடந்தான். எல்லாம் என் தப்பு.”

அவள் என்னைத் திட்டினாள். குப்பமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நெத்திலியோடு மண்ணையும் வாரி என் மேல் எறிந்தாள். இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே என்றாள். பக்கிரி தலையைக் குனிந்து, தாடை நெஞ்சில் பட, அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் நாங்கள் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அவன் பஞ்சு வைக்க ஒருநாளும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தன் தொண்டையைத் தானே தடவிக் கூழில் கீறி வைப்பான். அது சுத்தமாக வந்தால்தான் குழந்தையைத் தூக்குவான். காத்தவராயன் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததே இல்லை. புஷ்பவள்ளி கல்யாணப் பத்திரிகையை முயல் கொட்டகையில் வைத்து எனக்குக் கொடுத்தான், வெற்றிலை பாக்கோடு. “நீ வரக் கூடாதுன்னு சொல்லிட்டா மச்சான். இன்னமும் ஒன் மேல அவ்ளோ கோவம்” என்றான்.

“இருக்கட்டும்டா” என்றேன்.